கைகளைக் காத்தவருக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய லியோ மசோனி அவர்களுக்கு,

தொண்ணூறுகளில் பிழைப்பைத் தேடி அட்லாண்டாவுக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் நானும் ஒருவன். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வழியில்லை. அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சிங் கோச்சாக எனக்கு உங்களைத் தெரிந்ததெல்லாம் டிபிஎஸ் தொலைக்காட்சி வழியாகத்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்பால் அவ்வளவு சீக்கிரம் பிடிபடவில்லை. யார் எதற்கு ஓடுகிறார்கள், யார் எப்போது அவுட் என்பதெல்லாம் விளங்குவதற்கு முன்பே நீங்கள் எனக்குப் பழகிய முகமாகிவிட்டீர்கள்.

காரணம், அந்த ஆட்டம்தான். மைதானத்து ஆட்டத்தைச் சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தபடி நீங்கள் ஆடும் ஆட்டத்தைச் சொல்கிறேன். மேனேஜர் பாபி காக்ஸ் பக்கத்தில் அசையாமல் இருப்பார். நீங்கள் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருப்பீர்கள். பந்தை எறியும் பிட்சர் தடுமாறத் தொடங்கினால் ஆட்டத்தின் வேகம் கூடும். கேமராக்காரர் அதற்காகவே காத்திருந்தது போலப் பிட்சரைக் காட்டிவிட்டு உடனே உங்களைக் காட்டுவார். பந்தைத் தொடாத ஒரு மனிதருக்கு ஒவ்வொரு பந்தின் பாரமும் தோளில் இறங்குமா என்று அப்போது வியந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்த விளையாட்டே எனக்குப் புரிந்தது. அதற்கு நன்றி சொல்லவே இந்த மடல். தமிழ் வாசகர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன். ஆகவே நீங்கள் கரைத்துக் குடித்த சில விஷயங்களையும் இடையிடையே விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒரு பிட்சராக இருந்தவர். இடக்கை வீச்சாளர். 1967 முதல் சுமார் பத்தாண்டுகள் சிறிய லீக்குகளில் எறிந்துகொண்டே இருந்தீர்கள். மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பந்துகூட எறியும் வாய்ப்பு வரவில்லை. 1979இல் பிரேவ்ஸ் நிறுவனத்தில் பயிற்றுநராகச் சேர்ந்தீர்கள். அங்கேயும் பெரும்பாலான காலம் சிற்றூர்களிலும் பேருந்துகளிலும்தான் கழிந்தது. அந்த ஆண்டுகள்தாம் உங்களுக்கு ஜானி செயினை ஆசானாகக் கொடுத்தன.

செயினைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் முதன்முதலாகக் களமிறங்கினாரே, அன்று எதிரணிக்காக ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் இந்த செயின்தான். ஆனால் அவருடைய உண்மையான சாதனை மட்டையாளர்களை வீழ்த்தியதில் இல்லை. பயிற்றுநராக அவர் போன இடமெல்லாம் பிட்சர்கள் தழைத்தார்கள். 1961இல் யாங்கீஸில் வைட்டி ஃபோர்டு 25 வெற்றி. 1966இல் மின்னசோட்டாவில் ஜிம் காட் 25 வெற்றி. 1968இல் டெட்ராய்ட்டில் டென்னி மெக்லைன் 31 வெற்றி. அதன் பிறகு ஒரே சீசனில் 30 வெற்றியைத் தொட்டவர் எவரும் இல்லை. பந்தைக் கம்பியில் கோத்துச் சுழற்றிக் காட்டும் ஒரு கருவியை அவரே செய்து வைத்திருந்தார். சுழற்சியை வாயால் விளக்காமல் கண்ணால் பார்க்க வைப்பார். பிட்சர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கத்தில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. எறிபவனுக்குப் பயிற்சி எறிவதுதான் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியில் நீங்கள் சேர்ந்தீர்கள். 1990 ஜூனில் காக்ஸ் பொதுமேலாளர் நாற்காலியை விட்டு மீண்டும் மேனேஜராக மைதானத்தில் இறங்கியபோது, உங்களைப் பிட்சிங் கோச்சாகக் கூட்டி வந்தார். அப்போதைய நிலவரம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு பிரேவ்ஸ் 65 ஆட்டங்களில் வென்று 97இல் தோற்றது. ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்று கணக்கிடும் முறைக்கு இ.ஆர்.ஏ. என்று பெயர். இதில் எண் குறையக் குறைய மதிப்பு கூடும். அந்தப் பட்டியலில் நேஷனல் லீக்கிலேயே கடைசி அட்லாண்டாதான்.

நீங்கள் செய்த மாற்றம் கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. தொடக்கப் பிட்சர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் எறிந்தால் அடுத்த முறை எறிவதற்கு நடுவே நாலு நாள் ஓய்வு. அந்த நாலு நாளில் ஒரே ஒரு முறை புல்பென் என்ற பயிற்சி இடத்தில் எறிந்து பார்ப்பது அன்றைக்குப் பெரும்பாலான அணிகளில் இருந்த வழக்கம். நீங்கள் இரண்டு முறை எறியச் சொன்னீர்கள். கை ஏற்கெனவே களைத்திருக்கிறது, இன்னும் எறியச் சொல்கிறாரே என்று பலரும் முகம் சுளித்தார்கள். நீங்கள் கேட்டது கூடுதல் உழைப்பு அல்ல என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை. விசையைக் குறைத்து, சிறிது நேரம், வேகத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல் எறிய வேண்டும். கை பந்தை மறக்கக் கூடாது, தசை நோகவும் கூடாது. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு எந்தப் பாடகரும் உச்ச ஸ்தாயியில் தொண்டையைக் கிழித்துக்கொள்ள மாட்டார். அதற்காக சாதகத்தை விட்டுவிடவும் மாட்டார். தணிந்த குரலில் சுருதி விலகாமல் பார்த்துக்கொள்வார். உங்கள் புல்பென்னில் நடந்தது அந்த சாதகம்தான்.

அங்கே எறியப்பட்ட பந்துகளில் பெரும்பகுதி ஒரே இடத்துக்குத்தான் போகும். மட்டையாளரின் முழங்கால் உயரத்தில், அவர் உடம்பிலிருந்து விலகி, தரையில் பதித்த பிளேட்டின் வெளி ஓரத்தில். எவ்வளவு பலசாலிக்கும் அந்தப் பந்தைத் தூக்கி அடிப்பது கஷ்டம். அதைத் தொட்டாலும் பெரும்பாலும் தரையோடு உருளும். அந்த ஓர் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் தொடுமளவுக்குக் கை பழக வேண்டும், மற்ற வித்தைகளெல்லாம் அதன் பிறகு என்றீர்கள். உங்கள் பிட்சர்களில் ஒருவரான டாம் கிளாவின் பிழைத்ததே அந்த ஓரத்தில்தான். அவர் பந்தில் மிரட்டும் வேகம் இருந்ததில்லை. அங்குலம் அங்குலமாக அந்த ஓரத்தை வெளியே நகர்த்திக்கொண்டு போய், மட்டையாளர்கள் எட்டாத பந்தைத் துரத்தும்படி செய்வார்.

1991இல் நடந்ததை அட்லாண்டாவில் அன்று இருந்தவர்கள் இன்றும் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். முந்தைய ஆண்டு 10 வென்று 12 தோற்ற கிளாவின் 20 வெற்றி பெற்று, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். 3 வென்று 11 தோற்றிருந்த ஸ்டீவ் ஏவரி, 21 வயதில் 18 வெற்றி. சீசனின் முதல் பாதியில் 2 வெற்றி, 11 தோல்வி என்று துவண்டு கிடந்த ஜான் ஸ்மோல்ட்ஸ், மறுபாதியில் 12 வெற்றி, 2 தோல்வி. கடைசி இடத்தில் கிடந்த அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய், பத்தாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அங்கிருந்து 2005 வரை, வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 1994ஐ விட்டுவிட்டால், தொடர்ந்து 14 டிவிஷன் பட்டங்கள். 1995இல் உலகத் தொடரும் கைக்கு வந்தது. உங்கள் காலத்தில் உங்கள் பிட்சர்கள் வாங்கிய சை யங் விருதுகள் ஆறு.

இதில் உங்கள் பங்கு எவ்வளவு? நன்றிக் கடிதத்தில் இந்தக் கேள்வி எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அளக்காமல் வழங்கும் புகழுக்கு மதிப்புக் குறைவு.

உங்களுடையது அல்லாததை முதலில் கழித்துவிடுகிறேன். கிரெக் மேடக்ஸ் 1993இல் அட்லாண்டாவில் எறியத் தொடங்கியபோதே ஒரு சை யங் விருதோடு வந்தவர். 1992இல் சிகாகோவில் வாங்கியது அது. அவர் மூளையை எந்தக் கோச்சும் செய்து கொடுக்கவில்லை. ஸ்மோல்ட்ஸின் 1991 மறுபாதியில் ஒரு விளையாட்டு உளவியலாளருக்கும் பங்குண்டு. அதே 1991 சீசனுக்காகப் புதிய பொதுமேலாளர் ஜான் ஷூர்ஹோல்ஸ், டெர்ரி பெண்டில்டன், சிட் பிரீம், ரஃபேல் பெல்லியார்ட் மூவரையும் அழைத்து வந்து உள்வட்டத் தடுப்பையே மாற்றியமைத்தார். தரையோடு உருளும் பந்தைப் பிடித்து எறிய ஆளில்லாவிட்டால், பந்தைத் தரையோடு உருள வைக்கும் பிட்சருக்கு என்ன லாபம்? ஆக அந்த ஆண்டு இ.ஆர்.ஏ. குறைந்ததில் மூன்று ஜோடிக் கைகளும் கால்களும் சேர்ந்திருக்கின்றன. இவ்வளவையும் கழித்துவிட்டுத்தான் உங்கள் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கழித்த பிறகும் மீதி நிற்கிறது என்பதற்கு மேதைகள் சாட்சி அல்ல, நடுத்தர ஆட்டக்காரர்கள்தாம் சாட்சி. ஜான் பர்கெட்டை எடுத்துக்கொள்வோம். டெக்சாஸில் 1998, 1999 இரண்டு ஆண்டுகளிலும் அவர் இ.ஆர்.ஏ. ஐந்தரையைத் தாண்டியிருந்தது. 2001இல் உங்களிடம் 36 வயதில் 3.04 என்று முடித்து ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குப் போனார். கிறிஸ் ஹேமண்ட் மேஜர் லீக்கை விட்டே போய் மூன்று சீசன்கள் ஆகியிருந்தன. 2002இல் திரும்பி வந்து உங்களிடம் மாற்றுப் பிட்சராக 76 இன்னிங்ஸ் எறிந்து, 0.95 என்ற எண்ணோடு நின்றார். ஜாரெட் ரைட் கதை இன்னும் தெளிவானது. 2003இல் சான் டியேகோவில் அவருடைய இ.ஆர்.ஏ. எட்டுக்கு மேல். அவர்கள் விட்டுவிட, அட்லாண்டா எடுத்துக்கொண்டது. 2004இல் 15 வெற்றி, 8 தோல்வி, 3.28. அதைப் பார்த்து யாங்கீஸ் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனது. 2005இல் அங்கே 6.08. அதே மனிதர், அதே தோள். மாறியது இடமும் அருகில் இருந்தவரும்தான்.

ஒருவர் இருவர் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று பொருளியலாளர்கள் சொல்வார்கள். ஜே.சி. பிராட்பரி என்ற பொருளியல் பேராசிரியர் அதனால்தான் உங்களையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். 2007இல் வந்த அவருடைய பேஸ்பால் பொருளியல் நூலில் உங்களுக்கென ஓர் அத்தியாயமே இருக்கிறது. உங்களிடமும் எறிந்து மற்றவர்களிடமும் எறிந்த பிட்சர்களை எடுத்து, வயது, மைதானம் போன்றவற்றுக்குத் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார். உங்களிடம் இருக்கும்போது அவர்கள் இ.ஆர்.ஏ. அரை ரன்னுக்கும் மேலாகக் குறைந்திருந்தது.

அரை ரன் என்றால் சொற்பம் என்று நம் ஊர் வாசகர் நினைக்கலாம். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஆட்டத்துக்கு அரை ரன் என்று வைத்தாலே 81 ரன். பத்து ரன் மிச்சம் பிடித்தால் ஏறக்குறைய ஒரு வெற்றி என்பது பேஸ்பால் கணக்கர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அப்படியானால் ஆண்டுக்கு எட்டு வெற்றி. முதலிடத்துக்கும் வீட்டுக்குப் போவதற்கும் இடையிலுள்ள தூரம் பல ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. பெரிய நட்சத்திரம் ஒருவரைக் கோடிகள் கொட்டி வாங்கினால் கிடைக்கும் பலன் அது. உங்கள் சம்பளம் அந்த நட்சத்திரத்தின் சம்பளத்தோடு ஒப்பிடக்கூடியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

பால்டிமோரையும் பேசிவிடலாம். 2005 முடிந்ததும் சிறுவயது நண்பர் சாம் பெர்லோசோ மேனேஜராக இருந்த ஓரியோல்ஸ் அணிக்குப் போனீர்கள். மந்திரவாதி வருகிறார் என்று நகரமே எதிர்பார்த்தது. 2006, 2007 இரண்டு ஆண்டுகளிலும் அணியின் இ.ஆர்.ஏ. ஐந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. 2007 ஜூனில் நண்பர் வேலை இழந்தார், சீசன் முடிந்ததும் நீங்களும். மசோனி என்பதே கட்டுக்கதை, எல்லாம் மேடக்ஸ் கிளாவின் புண்ணியம் என்று சொன்னவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. பால்டிமோரிலும் எரிக் பெடார்ட் 2007இல் 221 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து அந்த அணியின் சாதனையை உடைத்தார். எறியத் தெரிந்தவனுக்கு அங்கேயும் உங்களிடம் சரக்கு இருந்தது. அட்லாண்டாவிலோ நீங்கள் போன மறு ஆண்டே இ.ஆர்.ஏ. நாலரையைத் தாண்டியது, 1991 முதல் வந்துகொண்டிருந்த பட்டமும் கைநழுவியது. நீங்கள் போனது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, அணியும் மூத்துப் போயிருந்தது. கோச் ஒருவர் விதையைப் படைப்பதில்லை என்பதை பால்டிமோர் சொன்னது. விதை இருந்தும் கவனிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜாரெட் ரைட் சொன்னார். இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. காக்ஸ் போல ஒரு மேனேஜர் குறுக்கே நிற்காமல் முதுகுக்குப் பின்னால் நின்றதும் அந்த உண்மையில் சேர்த்தி.

நான் உங்களுக்கு முதன்மையாக நன்றி சொல்வது ரன்களுக்காக அல்ல, நாட்களுக்காக. கிளாவின் முதன்முறையாகக் காயம்பட்டோர் பட்டியலில் சேர்ந்தபோது அவருக்கு வயது 42, ஆண்டு 2008. இருபதாண்டுக்கு மேல் எறிந்த ஒரு கைக்கு அது நம்ப முடியாத எண். மேடக்ஸ் 1988 முதல் 2004 வரை பதினேழு சீசன்கள் தொடர்ந்து 15 வெற்றிக்குக் குறையாமல் பெற்றார். அதில் பதினொன்று உங்கள் கண்முன் நடந்தவை. எல்லாக் கைகளும் தப்பின என்று சொல்ல முடியாது. ஏவரியின் கை 1993இல் நொந்த பிறகு பழையபடி எழவில்லை. ஸ்மோல்ட்ஸ் முழங்கை அறுவையால் 2000 சீசன் முழுவதையும் இழந்தார். ஆனால் அவர் திரும்பி வந்து 2002இல் கடைசி இன்னிங்ஸ் காவலராக 55 ஆட்டங்களைக் காத்துக் கொடுத்ததும், பிறகு மீண்டும் தொடக்கப் பிட்சரானதும் உங்கள் கண்காணிப்பில்தான்.

இன்றைக்கு இதைச் சொல்வதில் பொருள் இருக்கிறது. இப்போது பிட்சிங் கோச்சின் கையில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. பந்து நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று கருவி சொல்கிறது. செயினின் கம்பிப் பந்து ஆய்வுக்கூடமாக வளர்ந்துவிட்டது. புதிய பந்துகளைச் சில வாரங்களில் கற்றுக்கொடுக்க முடிகிறது. இது உண்மையான வளர்ச்சி, இதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து எறிய வேண்டும் என்பது பாடமாகிவிட்டது. முழங்கை தசைநார் அறுவை, 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்யப்பட்டது, இன்று பள்ளிப் பையன்கள் வரை வந்துவிட்டது. 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. வேகத்தைத் துரத்துவதும் எப்போதும் முழு விசையோடு எறிவதும் காயங்கள் பெருகக் காரணமாகத் தோன்றுகின்றன என்று அது சொல்கிறது. விசையைக் குறை, அடிக்கடி எறி, ஓரத்தைப் பழகு என்று நீங்கள் முப்பதாண்டுகளுக்கு முன் சொன்னதை இப்போது பக்கம் பக்கமாக எழுதிப் படிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு முறையீடு. இது உங்களுக்கல்ல, கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகிகளுக்கு. 2014 ஜூலையில் மேடக்ஸ், கிளாவின், காக்ஸ் மூவருக்கும் ஒரே நாளில் அங்கே இடம் கொடுத்தீர்கள். அடுத்த ஆண்டு ஸ்மோல்ட்ஸ். மிகச் சரி. ஆட்டக்காரர்களுக்கு அங்கே பிரிவு இருக்கிறது. மேனேஜர்களுக்கு இருக்கிறது. நடுவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இருக்கிறது. பயிற்றுநர்களுக்கு மட்டும் இல்லை. பயிற்றுநர் என்ற தகுதிக்காகவே உள்ளே போனவர் இதுவரை ஒருவரும் இல்லை. ஜானி செயின் 2006இல் காலமானார். அவருக்கு உயிரோடு இருந்தபோது அந்த மரியாதை கிடைக்கவில்லை. லியோ மசோனிக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. பயிற்றுநர்களுக்கென ஒரு பிரிவைத் திறவுங்கள். செயினின் பெயரை முதலில் எழுதுங்கள், அதற்கு அடுத்த வரியில் மசோனியின் பெயரை எழுதுங்கள்.


அட்லாண்டாவிலிருந்து ஒரு தமிழ் ரசிகன்